நெருப்புக்கும் மூச்சு வேண்டும்

விறகுக் கணப்பு வைக்க நினைப்பவர்கள் முதலில் போட வேண்டியது காற்றுக் கணக்கு

2013 கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு டொரொன்டோவில் பெய்த மழை, விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாக உறைந்தது. பாரம் தாங்காமல் முறிந்த கிளைகள் மின்கம்பிகள் மீது விழ, நகரில் சுமார் மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போயிற்று. தமிழர்கள் நிறைந்த ஸ்கார்பரோ பகுதிக்கும் பலத்த அடி. அங்கே பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவது எரிவாயு உலை. வாயு வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால், அந்தச் சூட்டை அறைகளுக்குத் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் வேண்டுமே! குளிர் பொறுக்காமல் கரியடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களும் உண்டு. கார்பன் மோனாக்சைடு என்று தீயணைப்புத் துறைக்கு வந்த அழைப்புகள் எகிறின.

அப்படியொரு குளிரைக் கண்டவர்களுக்கு, மின்சாரமே தேவைப்படாத விறகுக் கணப்பின் மீது ஆசை வருவது இயல்பு. கடைக்குப் போனதும் எல்லோரும் கேட்பது, “எவ்வளவு சூடு கொடுக்கும்?” என்றுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: “இதற்குக் காற்று எங்கிருந்து வரும்?”

இறுக்கி மூடிய வீடு

ஒரு கிலோ விறகு எரிய, கணக்குப்படி நான்கைந்து கன மீட்டர் காற்று போதும். நடைமுறையில் அதைப்போல் இரண்டு மடங்காவது உள்ளே போகும். முகப்பு திறந்த பழைய பாணிக் கணப்பு என்றால், எரிவதற்குத் தேவையே இல்லாத காற்றும் சேர்ந்து மணிக்குச் சில நூறு கன மீட்டர் புகைபோக்கி வழியே வெளியேறும். 1,500 சதுர அடி வீட்டில் உள்ள மொத்தக் காற்றே ஏறத்தாழ 340 கன மீட்டர்தான். ஆக, ஒன்றிரண்டு மணி நேரத்தில் வீட்டுக் காற்று முழுவதும் மாறிவிடும். கூடத்துக் கணப்பில் ஜுவாலை கொழுந்துவிட்டு எரியும்போது மாடி அறைகள் சில்லிட்டுப்போவது இதனால்தான். வெளியேறும் சூடான காற்றுக்கு ஈடாக, கதவிடுக்கிலும் சன்னல் ஓரத்திலும் குளிர்காற்று நுழைகிறது.

பழைய வீடுகளில் இடுக்குகளுக்குப் பஞ்சமில்லை. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு கதை மாறியது. எரிபொருளை மிச்சப்படுத்த, காற்றுப் புகாத வீடுகளைக் கட்டத் தொடங்கினார்கள். கனடாவின் ரெஜைனா நகரில் 1977இல் எழுந்த சஸ்காச்சுவான் சிக்கன வீடு அதற்கு முன்னோடி. இன்று கட்டப்படும் வீட்டில் நெருப்பு இழுக்கும் அளவுக்குக் காற்று தானாக வந்து சேராது.

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுச் சாய்த்தால் எண்ணெய் திக்கித் திக்கித்தான் விழும். எதிர்மூலையில் இன்னொரு ஓட்டை போட்டதும் சீராக ஊற்றும். காற்று நுழைய வழியில்லாத வீட்டின் புகைபோக்கியும் அந்த ஒற்றை ஓட்டை போலத்தான். மேலே போக வேண்டிய புகை தயங்கும். சமயத்தில் வெளிக்காற்று அந்தப் புகைபோக்கி வழியாகவே கீழே இறங்கும்.

போட்டி சமையலறையில்

புகை மேலே போவதற்குக் காரணம், சூடான காற்று லேசானது என்பது மட்டுமே. அந்த இழுவை மிகச் சொற்பம்; சில பாஸ்கல்களில் அளக்கக்கூடியது. நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தமோ ஒரு லட்சம் பாஸ்கலுக்கு மேல். இந்த மெல்லிய இழுவைக்கு வீட்டுக்குள்ளேயே பலமான எதிரிகள் உண்டு. மீன் பொரிக்கும்போது முழுவேகத்தில் ஓடும் சமையலறைப் புகையுறிஞ்சி, குளியலறை விசிறி, துணி உலர்த்தும் இயந்திரம் எல்லாமே வீட்டுக் காற்றை வெளியே தள்ளுபவை. மூன்றும் சேர்ந்து ஓடினால் வீட்டுக்குள் அழுத்தம் குறைந்து, கணப்பின் புகை கூடத்துக்கே திரும்பலாம்.

நெருப்பு நன்றாக எரியும்போது ஆபத்து குறைவு. புகைபோக்கி சூடாக இருக்கும், இழுவையும் வலுவாக இருக்கும். எல்லோரும் படுக்கப் போன பிறகு, தணல் மட்டும் மிஞ்சும் வேளைதான் மோசமானது. புகைபோக்கி ஆறிவிடும், இழுவை தளரும். தணலோ கார்பன் மோனாக்சைடைத் தாராளமாக வெளியிடும். புகை இல்லை, வாசனை இல்லை, கண் எரிச்சலும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் வாயு அது. கொடைக்கானலில் இறைச்சி வாட்டிய கரியை அணைக்காமல் அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போன செய்தியின் பின்னணியும் இதே தணல்தான். சூடு வீணாகிறதே என்று தணல் அணையுமுன் புகைபோக்கியின் மூடியை அடைத்துவிட்டுப் படுப்பது கூடவே கூடாது.

வெளிக்காற்றுக் குழாய்

இதற்காகத்தான், கணப்புக்கென்று வெளியிலிருந்து தனியே ஒரு காற்றுக் குழாய். ஒன்டாரியோ கட்டட விதிகள் கணப்புகளுக்கு வெளிக்காற்று வேண்டும் என்கின்றன. குழாய் 100 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குறையக் கூடாது. தீப்பிடிக்காத, துருப்பிடிக்காத பொருளில் இருக்க வேண்டும்.

மூடிய கதவுள்ள சில அடுப்புகளில் குழாயை நேராக எரியறையோடு இணைக்கலாம். ஆனால், அந்த அடுப்பு வகை அதற்கென்று சோதித்துச் சான்று பெற்றிருக்க வேண்டும். சான்று இல்லாத அடுப்பில் துளை போட்டுக் குழாய் செருகுவது விபத்தை விலைகொடுத்து வாங்குவதற்குச் சமம். திறந்த கணப்பில் குழாயின் வாய் எரியறைக்கு வெகு அருகே முடியும். தணல் துண்டுகள் உள்ளே விழாத அமைப்பும், தேவையில்லாதபோது இறுக மூடும் தகடும் வேண்டும்.

குழாயின் வெளிமுனையை எங்கே வைப்பது? காற்று எப்போதும் உள்ளே மட்டும்தான் வரும் என்று நம்பிவிடக் கூடாது. பலத்த காற்று வீட்டின் ஒரு பக்கம் மோதும்போது மறுபக்கச் சுவரில் அழுத்தம் குறைகிறது. குழாயின் வாய் அந்தப் பக்கம் இருந்தால், எரியறையின் சூடான வாயு அதன் வழியே வெளியேறக்கூடும். தீப்பிடிக்காத குழாய் கேட்பதும், மரச்சட்டங்களிலிருந்து இடைவெளி விடச் சொல்வதும் இதனால்தான். வெளிவாய் எரியறையைவிட உயரத்தில் இருந்தால் குழாயே இன்னொரு புகைபோக்கியாகிவிடும். கார் நிறுத்தும் அறையிலிருந்தோ பரணிலிருந்தோ காற்றை எடுக்கக் கூடாது. எலி நுழையாத வலை வேண்டும். குவியும் பனி அடைக்காத உயரமும் வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் குழாய் சர்வரோக நிவாரணி ஆகாது. மற்ற விசிறிகள் வீட்டின் அழுத்தத்தை வெகுவாகக் குறைத்தால், குழாய் இருந்தும் புகை திரும்பும். எளிய சோதனை ஒன்று உண்டு. கணப்பு எரியாதபோது புகைபோக்கி மூடியைத் திறந்துவைத்து, கதவு சன்னல்களைச் சாத்தி, எல்லா விசிறிகளையும் ஓடவிட்டு, எரியறை வாயில் ஒரு ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை அறைப் பக்கம் திரும்பினால், கணப்பை மூட்டும் முன் நிபுணரை அழையுங்கள்.

புகைபோக்கியும் தரையும்

புகைபோக்கி வீட்டின் நடுவே ஏறினால் நல்லது. வெளிச்சுவரை ஒட்டி நின்றால் குளிர்ந்து, இழுவை கெடும். அது கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 900 மில்லிமீட்டரும், 3 மீட்டர் தொலைவுக்குள் உள்ள கூரையின் உச்சியைவிட 600 மில்லிமீட்டரும் உயர்ந்திருக்க வேண்டும் என்பது கனடாவின் விதி. உலோகப் புகைபோக்கி என்றால், விறகுக்கென்றே வரும் 650 டிகிரி செல்சியஸ் வகையாக இருக்கட்டும். எரிவாயுக் கணப்பின் குழாய் விறகுக்கு உதவாது. திறந்த கணப்பின் முன்னால் 400 மில்லிமீட்டரும் இரு பக்கமும் 200 மில்லிமீட்டரும் தரை தீப்பிடிக்காததாக இருக்க வேண்டும்.

ஈர விறகு இன்னொரு வினை. அது புகைந்து, புகைபோக்கியின் உட்புறத்தில் தார் போன்ற கிரியோசோட்டைப் படியவைக்கும். அது பற்றிக்கொண்டால் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டலாம். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கட்டும்; ஆண்டுக்கொரு முறை புகைபோக்கியைத் துப்புரவு செய்யுங்கள்.

சட்டமும் எச்சரிக்கை மணியும்

ஒன்டாரியோவின் உட்ஸ்டாக் நகரில் 2008 டிசம்பரில், எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டதால் பெற்றோரும் இரு பிள்ளைகளும் இறந்தார்கள். வீட்டில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லை. அந்தக் குடும்பத்தின் பெயரைத் தாங்கி 2013இல் வந்த சட்டத்தின் தொடர்ச்சியாக, கணப்பு உள்ள வீடுகளில் படுக்கையறைகளின் அருகே இக்கருவி கட்டாயமானது. 2026 முதல் மாடிக்கொன்றும் கட்டாயம்.

ஊருக்கு ஊர் விதி மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். மான்ட்ரியலில் 2018 அக்டோபர் முதல், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் கக்கும் விறகடுப்புகளுக்குத் தடை. மின்சாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் மட்டும் விலக்கு. பல காப்பீட்டு நிறுவனங்கள், விறகடுப்புப் பணிகளுக்குப் பயிற்சி தரும் ‘வெட்’ (WETT) அமைப்பின் சான்று பெற்ற பரிசோதகரின் அறிக்கையைக் கேட்கும். நகராட்சி அனுமதியும் தேவைப்படும்.

ஆகவே அடுப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஆளைத் தேர்ந்தெடுங்கள். வந்ததும் பளபளக்கும் விலைப்பட்டியலை நீட்டுபவரை விடுங்கள். உங்கள் சமையலறைப் புகையுறிஞ்சியின் திறன் என்ன, வீடு எந்த ஆண்டு கட்டியது, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று விசாரிப்பவரிடம் வேலையைக் கொடுங்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “இந்த வீட்டுக்கு விறகுக் கணப்பு ஒத்துவராது” என்று அவர் சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.