மாமாவும் ஏ-டு-இஸட் பாட்டிலும்

நாவலூரில் இருக்கும் என் மாமா ரிடையர்டு போஸ்ட் மாஸ்டர். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். தடவைக்கு நாலு மணி நேரம். துணைக்குப் போவது அடியேன். 'பத்திரிகைக்கு எழுதறவனுக்கு வேற என்ன வேலை?' என்பது குடும்பத்தின் ஏகமனதான தீர்ப்பு!

சமீபத்தில் மாமா பையன் அமெரிக்காவிலிருந்து ஒரு குண்டு பாட்டில் கொண்டுவந்தான். சகல விட்டமின்களும் ஒரே மாத்திரையில்! "அப்பா ரொம்ப டயர்டா இருக்கார்டா. தினம் ஒண்ணு குடு" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான். பத்து நாள் கழித்து நான் அதைப் பெருமையாக டயாலிசிஸ் சென்டரில் காட்ட, டயட்டீஷியன் அம்மா லேபிளைப் படித்தார். முகம் மாறியது.

"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா மெஷினைப் பார்த்தார்.

"பத்து நாள்ல ஒண்ணும் ஆயிடாது. வருஷக்கணக்கில போயிருந்தா...?" என்று ஆரம்பித்து அவர் சொன்னதை, பி.காம். புத்தி உடனே பற்று-வரவாக எழுதிக்கொண்டது.

முதலில் பற்று. மெஷினில் இருப்பது ஒரு சல்லடை. அதற்கு நல்லது கெட்டது தெரியாது. ஓட்டைக்குள் நுழையும் எதையும் விட்டுவிடும். ஒரு தடவைக்குச் சுமார் 120 லிட்டர் திரவம் ரத்தத்துக்கு மறுபக்கம் ஓடுகிறது. யூரியாவோடு, தண்ணீரில் கரையும் 'பி' வகை விட்டமின்களும் 'சி'யும் அதில் போய்விடுகின்றன. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பை வாங்கி வீட்டிலேயே வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கும் இந்த நஷ்டம் உண்டு.

போதாக்குறைக்கு எங்கள் மாமி! பொட்டாசியம் ஏறக்கூடாது என்று காய்களை நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார். செய்ய வேண்டியதுதான். ஆனால் 'பி'யும் 'சி'யும் அதோடு சேர்ந்து சிங்க்கில் போகின்றன. ஆக, சமையலறையில் ஒரு டயாலிசிஸ், சென்டரில் ஒரு டயாலிசிஸ்!

அதனால்தான் டாக்டர்கள் ஃபோலிக் ஆசிட், பி-6 எல்லாம் சேர்ந்த மாத்திரை எழுதுகிறார்கள்.

அப்படியானால் பாட்டிலில் என்ன குற்றம்? 'ஏ' விட்டமின்! அது தண்ணீரில் கரையாது, சல்லடையிலும் போகாது. வெளியேற்ற வேண்டிய கிட்னியோ வேலைநிறுத்தம். வரவு மட்டும், செலவே இல்லை! மிதமிஞ்சிச் சேர்ந்தால் எலும்புக்கும் ஈரலுக்கும் கெடுதல். 2020-ல் அமெரிக்காவின் தேசிய சிறுநீரக அறக்கட்டளை வெளியிட்ட வழிகாட்டுதலே, டயாலிசிஸ்காரர்களுக்கு 'ஏ'யும் 'ஈ'யும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. பாட்டில் வந்ததும் அதே ஊரிலிருந்துதான் சார்!

'சி' வேண்டும்தான், அந்த வழிகாட்டுதல் சொல்லும் அளவு ஆணுக்கு நாளைக்கு 90 மில்லிகிராம், பெண்ணுக்கு 75. அள்ளிக் கொடுத்தால் ஆக்ஸலேட்டாக மாறி ரத்தக் குழாயிலும் மூட்டிலும் படியும். மாமியின் நெல்லிக்காய் ஜூஸ் அன்றே நின்றது. 'டி' தனிக் கதை. அதை உடம்பு பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றுவதே பெரும்பாலும் கிட்னிதான் என்பதால், எந்த 'டி', எவ்வளவு என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

"சோர்வுக்கு முதல்ல ஹீமோகுளோபின் பாருங்க சார்" என்றார் அந்த அம்மா. பார்த்தோம். குறைவுதான். இப்போது அதற்கு ஊசி போடுகிறார்கள்.

கடைசியாக ஒன்று கேட்டார்: "மாத்திரை எப்போ போடறார்?"

"காலைல, இங்கே கிளம்பறதுக்கு முன்னாடி."

"போச்சு! மெஷினுக்கா மாத்திரை குடுக்கறீங்க? டயாலிசிஸ் முடிஞ்சப்புறம் போடச் சொல்லுங்க."

இப்போதெல்லாம் ஊசியை எடுத்து, பஞ்சை அழுத்திக்கொண்டு மாமா எழுந்து உட்கார்ந்த பிறகுதான், என் சட்டைப் பையிலிருந்து பி-காம்ப்ளெக்ஸ் அட்டை வெளியே வரும்.

"நாப்பது வருஷ சர்வீஸ்ல இப்படிப் பார்த்ததில்லை மாப்ளே" என்கிறார் மாமா. "மெயில் வேன் போனப்புறம் போட்டாத்தான் இந்தத் தபால் போய்ச் சேருது!"