உடலுறவு இல்லாத காலம்: தாங்குவதில் ஆண் வேறு, பெண் வேறா?

சிதம்பரத்தில் திருவோடு வனைந்து அடியார்களுக்குக் கொடுத்துவந்தவர் திருநீலகண்டர். அவர் பரத்தையிடம் போய்வந்தது தெரிந்ததும், இனித் தீண்டக் கூடாது என்று மனைவி ஆணையிட்டுவிட்டார். எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டுவதில்லை என்று அவரும் உறுதி பூண்டார். ஊரார் அறியாமல், ஒரே வீட்டில், முதுமைவரை அப்படியே வாழ்ந்தார்கள் என்கிறது பெரியபுராணம். "ஆம்பளையால முடியாது, பொம்பளை பொறுத்துக்குவா" என்ற பேச்சு அந்த வீட்டில் செல்லவில்லை.

சராசரியாகப் பார்த்தால் ஆண்களுக்கு ஆசை அடிக்கடி எழுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. பிரசவம், பாலூட்டல், வேலைக் களைப்பு, மனக்கவலை எல்லாமே ஆசையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். ஆசை குறைவான ஆணும் உண்டு, மிகுந்த பெண்ணும் உண்டு. இருவரிடமும் குறை இல்லை.

உடலுறவு இல்லாததால் மட்டும் யாருக்கும் நோய் வந்துவிடாது. வெளியேறாத விந்தணுக்களை உடலே உறிஞ்சிக்கொள்ளும். தூக்கத்தில் வெளியேறுவதும் இயல்புதான். விந்து போனால் பலம் போய்விடும் என்ற பயம்தான் பலரைச் சோர்ந்துபோக வைக்கிறது. அந்தச் சோர்வுக்கு மனநல மருத்துவர் என்.என். விக் 1960-ல் 'தாத்' நோய்க்குறி என்று பெயரிட்டார். அதுபோல, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு வரும் பிறப்புறுப்பு வறட்சிக்குக் காரணம் உடலுறவு இல்லாதது அல்ல, ஈஸ்ட்ரோஜன் குறைவு. அதற்கு மருந்து உண்டு.

உண்மையான வேறுபாடு, யாரிடம் எதைச் சொல்ல முடிகிறது என்பதில் இருக்கிறது. லால்பேட்டை, பரங்கிப்பேட்டைப் பக்கம் கணவர் வளைகுடாவிலும் மனைவி ஊரிலுமாக வாழும் குடும்பங்கள் பல. பலர் தங்கும் அறையில் அவர் ஆசையைக் கேலியாகப் பேசலாம். தனியாக இருப்பது வலிக்கிறது என்று சொல்ல முடியாது. அவளுக்கு அழுது தீர்க்க அம்மாவும் அக்காவும் இருப்பார்கள். ஆசை என்று வாயெடுத்தால் ஏச்சுதான். அவர் அடக்கிய வலியும் அவள் அடக்கிய ஆசையும் எரிச்சலாக, தூக்கமின்மையாக, போனில் சண்டையாக வெளிப்படலாம்.

எனவே, "பணம் வந்துச்சா?" என்பதோடு போனை வைத்துவிடாதீர்கள். "நீ இல்லாம கஷ்டமா இருக்கு" என்பதையும் இருவரும் சொல்லிக்கொள்ளுங்கள். ஊர் திரும்பியதும் பழைய நெருக்கம் வர நாளாகும், அவசரப்படுத்த வேண்டாம். மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் 14416-க்குப் பேசுங்கள். அது அரசின் இலவச மனநல உதவி எண்; தமிழிலேயே பேசலாம். கேட்பதில் ஆணுக்கும் வெட்கம் வேண்டாம், பெண்ணுக்கும் வேண்டாம்.