சீருடைக்குள் ஒரு வக்கீல்

ராணுவத்துல வக்கீல் வேலை இருக்குன்னு சொன்னா நிறைய பேர் ஆச்சரியப்படுறாங்க. நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல, ஆவடி பக்கம் இருக்கிறவங்களுக்கு ராணுவம்னா டாங்கித் தொழிற்சாலைதான் ஞாபகம் வரும். ஆனால் இந்திய ராணுவத்தில் ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல் பிரிவு, சுருக்கமாக 'ஜாக்', என்று ஒன்று இருக்கிறது. சட்டம் படித்தவர்களை அதிகாரிகளாக எடுக்கும் பிரிவு. அவர்களுக்கான பயிற்சியும் வெகு தூரத்தில் இல்லை, பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில்தான்.

என்ன வேலை?

தளபதிகளுக்குச் சட்ட ஆலோசனை சொல்வது, ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளைப் பார்ப்பது, ராணுவம் சம்பந்தப்பட்ட வழக்குகளைக் கவனிப்பது. முக்கியமானது கோர்ட் மார்ஷல். 1950 ராணுவச் சட்டப்படி ஜெனரல் கோர்ட் மார்ஷலில் குறைந்தது 5 அதிகாரிகள் உட்கார வேண்டும். அவர்கள் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. அதனால் ஒரு ஜட்ஜ் அட்வகேட் கட்டாயம் உடன் இருக்க வேண்டும். சட்டம் என்ன சொல்கிறது, சாட்சியத்தை எப்படி எடைபோடுவது என்று அவர் விளக்குவார். ஆனா அவருக்கு ஓட்டு கிடையாது. கோடைப் பார்த்து கமென்ட் போடலாம், மெர்ஜ் பண்ற உரிமை இல்லைங்கிற மாதிரி.

சிக்கல் எங்கே?

ராணுவம் பதவி வரிசையில் இயங்குவது. விசாரிக்கப்படுபவர் தன்னைவிடப் பெரிய பதவியில் இருந்தால் வக்கீல் தயங்காமல் பேச முடியுமா? சரண்ஜித் சிங் கில் வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது: தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலொழிய, ஜட்ஜ் அட்வகேட் குற்றம் சாட்டப்பட்ட அதிகாரியைவிடக் கீழ்ப்பதவியில் இருக்கக் கூடாது. ஓட்டு இல்லாவிட்டாலும் அவர் சொல் தீர்ப்பைத் திருப்பக்கூடியது என்பதுதான் இதற்குள் இருக்கும் விஷயம்.

இதைவிடக் கடினமான இடம் காஷ்மீரின் பத்ரிபால். 2000 மார்ச்சில் அங்கே 5 பேர் கொல்லப்பட்டார்கள். அது போலி என்கவுன்டர் என்று சி.பி.ஐ. 2006-இல் ராணுவத்தினர் மீது குற்றப்பத்திரிகை போட்டது. சாதாரண நீதிமன்றமா, கோர்ட் மார்ஷலா என்று முடிவு செய்யும் வாய்ப்பை 2012-இல் உச்ச நீதிமன்றம் ராணுவத்திடம் விட்டது. ராணுவம் வழக்கை எடுத்துக்கொண்டது. போதிய ஆதாரம் இல்லையென்று 2014 ஜனவரியில் மூடிவிட்டது. சட்டம் தந்த வழியிலேயே போனாலும், இறந்தவர்களின் குடும்பத்துக்கு ஒரு விசாரணை கிடைக்கவில்லை.

மாறியது என்ன?

கோர்ட் மார்ஷல் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லாததை 1982-லேயே உச்ச நீதிமன்றம் குறையாகச் சொன்னது. அதற்கான ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் வர 2007 ஆகிவிட்டது. சென்னையிலும் அதன் அமர்வு இருக்கிறது. 2025 ஆகஸ்டில், ஜாக் பிரிவில் ஆண்களுக்கு அதிக இடம் ஒதுக்கியது செல்லாது என்றும் தீர்ப்பு வந்தது.

சட்டம் படிக்கிற பசங்க இந்த வேலையைப் பற்றி யோசிக்கலாம். சம்பளம், சீருடை எல்லாம் சரிதான். ஆனா எதிரே உட்கார்ந்திருக்கிற மேலதிகாரியிடம் "இதுக்குச் சட்டத்துல இடமில்லை, சார்" என்று சொல்லத் தெரியணும். வேலையே அதுதான்.