துவண்டு கிடக்கும் ஆக்சலாட்டல்... தஞ்சை வெயிலில் செல்ல சாலமாண்டரைக் காப்பாற்றுவது எப்படி?

மீன் தொட்டிக்குள் நாலு கால், தலையின் இரண்டு பக்கமும் இறகு மாதிரி செவுள், எப்போதும் சிரிக்கிற மாதிரி ஒரு முகம். 'நடக்கும் மீன்' என்று சொல்லி விற்கப்படும் ஆக்சலாட்டல், வண்ண மீன் கடைகள் வழியாக தமிழக வீடுகளுக்கும் வந்துவிட்டது. 2021-ல் மைன்கிராஃப்ட் கேமில் இது சேர்க்கப்பட்ட பிறகு குழந்தைகள் மத்தியில் மவுசு இன்னும் கூடியது.

ஆனால் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி மாதிரி ஊர்களில் இதை வளர்ப்பவர்கள், கோடை வந்ததும் ஒரே கேள்வியோடுதான் அலைகிறார்கள்: "சாப்பிட மாட்டேங்குது, அப்படியே கிடக்குது, என்ன மருந்து போடலாம்?" பெரும்பாலான நேரம் முதலில் கவனிக்க வேண்டியது மருந்தை இல்லை, தண்ணீரை. அது ஏன்? என்ன செய்யணும்? விரிவாகப் பார்க்கலாம்.

இது மீனா, பல்லியா?

இரண்டும் இல்லை. தவளை மாதிரி இதுவும் நீர்நில வாழ்வி, சாலமாண்டர் குடும்பம். தமிழ்நாட்டில் இயற்கையாக சாலமாண்டர் கிடையாது. இந்தியாவில் டார்ஜிலிங் போன்ற இமயமலைப் பகுதிகளிலும் வடகிழக்கு மாநிலங்களிலும்தான் இருக்கிறது. அந்தக் காட்டு சாலமாண்டரைப் பிடிப்பதும் வளர்ப்பதும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஆக்சலாட்டலின் சொந்த ஊர் மெக்சிகோ சிட்டியை ஒட்டிய சோச்சிமில்கோ கால்வாய்கள். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே உள்ள குளிர்ந்த நீர் அது. அங்கே 1998-ல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு சுமார் 6,000 இருந்தவை, 2014 கணக்கெடுப்பில் வெறும் 36 ஆகச் சுருங்கிவிட்டன. கடைகளில் கிடைப்பவை தொட்டியில் இனப்பெருக்கம் செய்யப்பட்டவை.

தஞ்சை வெயில் ஏன் ஆபத்து?

ஆக்சலாட்டலுக்கு ஏற்ற தண்ணீர் வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 20 வரை தாங்கும். 24-ஐத் தாண்டினால் உடல் திணற ஆரம்பிக்கும். டெல்டாவில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 37 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அப்போது வீட்டுக்குள் இருக்கும் தொட்டித் தண்ணீரே 30 டிகிரி பக்கம் போய்விடும்.

சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. ஆனால் உடலின் தேவையோ அதிகம். பூஞ்சையும் பாக்டீரியாவும் வேகமாக வளரும். மிச்ச உணவும் கழிவும் சீக்கிரம் அழுகி அம்மோனியா ஏறும். வெப்பம் ஒரு பக்கம், அழுக்கு ஒரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்துதான் அதைப் படுக்கையில் தள்ளுகின்றன.

நோய் வந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

* செவுள்கள் முன்பக்கமாக வளைந்து நிற்பது
* வால் நுனி கொக்கி மாதிரி சுருள்வது
* செவுளிலோ தோலிலோ வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போலப் பூஞ்சை
* சாப்பாட்டைக் கண்டுகொள்ளாமல் இருப்பது
* கீழே இறங்க முடியாமல் மிதந்துகொண்டே இருப்பது

கால் அல்லது செவுள் கொஞ்சம் கடிபட்டிருந்தால் பயப்பட வேண்டாம். ஆக்சலாட்டலுக்கு இழந்த காலையே திரும்ப வளர்த்துக்கொள்ளும் திறன் உண்டு. தண்ணீர் சுத்தமாக இருக்கணும், அவ்வளவுதான்.

உடனே செய்ய வேண்டியது என்ன?

முதலில் வெப்பநிலையை அளந்து பாருங்க. அடுத்து மீன் கடையில் கிடைக்கும் டெஸ்ட் கிட் வாங்கி அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் சோதிக்கணும். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தொட்டியே நோய்க்குக் காரணமாக இருக்கலாம்.

அடுத்து, அதை ஒரு சுத்தமான பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்க. சோப்பு போட்டுக் கழுவிய டப்பா வேண்டாம். உடல் முழுக்க மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், வெளிச்சம் குறைவான இடம். தினமும் தண்ணீரை முழுசாக மாற்றணும். புதுத் தண்ணீரும் பழைய தண்ணீரும் ஒரே வெப்பநிலையில் இருப்பது முக்கியம்.

குளிர்விக்க, மூடிய பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து மிதக்க விடலாம். ஐஸ் கட்டியை அப்படியே கொட்டக் கூடாது. 30 டிகிரியிலிருந்து 18-க்கு ஒரே மூச்சில் இறக்கினால் அதுவே அதிர்ச்சியாகிவிடும். பல மணி நேரம் எடுத்து மெதுவாக இறக்குங்க. பாட்டிலை மாற்றி மாற்றி வைத்தால் கரண்ட் கட் நேரத்திலும் சமாளிக்கலாம்.

தொட்டி மேல் சின்ன ஃபேன் வைப்பது தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும். ஆனால் காற்றில் ஈரம் அதிகமுள்ள நாகை, வேதாரண்யம் பக்கம் இதன் பலன் குறைவு. நிரந்தரத் தீர்வு என்றால் ஏசி அறை அல்லது சில்லர்தான்.

எந்தத் தண்ணீர் நல்லது?

நகராட்சிக் குழாய் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆன்டி குளோரின் சொட்டு மருந்து சேர்த்த பிறகே பயன்படுத்தணும். ஆர்.ஓ. கேன் தண்ணீர் சுத்தம்தானே என்று நினைக்கலாம். ஆனால் அதில் தாது உப்புகள் மிகக் குறைவு, ஆக்சலாட்டலுக்கு அது மட்டும் போதாது. கடலோர டெல்டாவின் உப்பேறிய போர் தண்ணீரும் சரிப்படாது.

முக்கியமாக, வாய்க்கால் தண்ணீர் வேண்டவே வேண்டாம். மேட்டூர் திறந்து புதுத் தண்ணி வந்தாலும், வயல் வழியாக வரும்போது யூரியாவும் பூச்சிமருந்தும் கலந்துவிடும். ஆக்சலாட்டலின் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சும். மண்புழு இதற்கு அருமையான உணவு. ஆனால் மருந்து அடித்த வயலின் மண்புழு விஷம். மாட்டுச் சாணத்தில் வளர்த்த மண்புழு உரப் பண்ணைப் புழுவும் கசப்பு காரணமாகச் சில நேரம் நிராகரிக்கப்படும். மருந்தே படாத தோட்டத்துப் புழுவை நன்றாகக் கழுவிக் கொடுக்கலாம்.

மருந்து போடலாமா?

மீனுக்கு வாங்கி வைத்த மருந்தை அப்படியே ஊற்றுவதுதான் பலர் செய்யும் தவறு. தாமிரம், மலாக்கைட் கிரீன், ஃபார்மலின் உள்ள மருந்துகள் நீர்நில வாழ்விகளுக்கு ஆபத்தானவை.

லேசான பூஞ்சைக்கு உப்புக் குளியல் வழக்கத்தில் உள்ளது. தனி டப்பாவில் லிட்டருக்கு 2 டீஸ்பூன் அயோடின் சேர்க்காத உப்பு, 10 நிமிடம், அவ்வளவே. 15 நிமிடத்தைத் தாண்டினால் தோலும் செவுளும் பாதிக்கப்படும். முடிந்தவரை கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

சாப்பிடவில்லை என்று வாயைத் திறந்து ஊட்டக் கூடாது. வளர்ந்த ஆக்சலாட்டல் ஒரு வாரம் சாப்பிடாவிட்டாலும் உயிருக்கு ஆபத்தில்லை. வயிறு உப்பி மிதந்தாலோ, தோலில் ரத்தச் சிவப்பு தெரிந்தாலோ, பஞ்சு போல பூஞ்சை பரவினாலோ தாமதிக்காதீங்க. தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்த வகை உயிரினத்தைப் பார்ப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு, குளிர்ந்த தண்ணீரோடு மூடிய டப்பாவில் கொண்டு போகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான 'சைட்ஸ்' பட்டியலில் ஆக்சலாட்டல் உள்ளது. 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி, இந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். இதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. 'பரிவேஷ்' இணையதளம் வழியாகப் பதியலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் ஆவணம் கேட்பது நல்லது.

வளர்க்க முடியலைன்னா ஆற்றில் விடலாமா?

கூடவே கூடாது. வெயிலில் அது பிழைக்காது என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய ஆபத்து, அது சுமந்து வரக்கூடிய கைட்ரிட் பூஞ்சை. 2019-ல் வெளியான உலகளாவிய ஆய்வின்படி, இந்தப் பூஞ்சையால் 501 வகை நீர்நில வாழ்விகள் எண்ணிக்கை குறைந்தன. அதில் 90 வகை அழிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. டெல்டா வயல்களில் பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு உதவுவது தவளைகள்தான். இறந்த ஆக்சலாட்டலையும் தொட்டித் தண்ணீரையும்கூட வாய்க்காலில் கொட்டாதீங்க. உடலை ஆழமாகப் புதைத்துவிட்டு, தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து சிறிது நேரம் கழித்து வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் விடலாம்.