கசீக்கே எப்படி உருவாகிறார்?

அடக்கியாளும் மனிதரைக் குறிக்க ஸ்பானிய மொழியில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. வீட்டிலும் வேலையிடத்திலும் எல்லோரையும் ஏவிக்கொண்டே இருப்பவர் 'மந்தோன்'. ஊரைக் கைக்குள் வைத்திருப்பவர் 'கசீக்கே'. நாட்டையே பிடித்து வைத்திருப்பவர் 'கௌதில்யோ'. ஒரே குணம்தான் மூன்று அளவுகளில் வளர்ந்து நிற்கிறது என்று இவற்றைப் பார்க்கத் தோன்றும். அப்படிப் பார்ப்பது பெரும் பிழை என்றே கருதுகிறேன். கசீக்கே என்பவர் பிறவிக் குணத்தால் உருவாவதில்லை, ஓர் ஏற்பாடு அவரை உருவாக்குகிறது. அதைக் குணக்கேடாக எண்ணியதால் ஸ்பெயின் நிறையவே இழந்தது.

கரீபியத் தீவுகளின் தாயினோ மக்கள் தங்கள் தலைவருக்கு வைத்திருந்த பெயர்தான் கசீக்கே. கொலம்பஸின் பயணங்களுக்குப் பிறகு அது ஸ்பானியத்தில் குடியேறியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயினின் கிராமப்புறங்களில் அதற்கு வேறொரு வாழ்வு கிடைத்தது. கானோவாஸின் பழமைவாதிகளும் சகாஸ்தாவின் தாராளவாதிகளும் முறைவைத்து ஆண்ட காலம் அது. மன்னர் முதலில் அரசை நியமிப்பார். அதற்கு ஏற்ற தேர்தல் முடிவு பிறகு தயாரிக்கப்படும். யார் எங்கே வெல்ல வேண்டும் என்று உள்துறை அமைச்சகத்தில் தொகுதிவாரியாகக் கட்டங்களில் பெயர் நிரப்புவார்கள். அந்தப் பெயரை வெற்றி பெறச் செய்வது உள்ளூர் கசீக்கேயின் பொறுப்பு. கைம்மாறாக ஊருக்குச் சாலை, வேண்டியவருக்கு அரசு வேலை, ஒருவர் மகனுக்குக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்கு என்று எல்லாம் அவர் கைவழியே போகும். அதிலும் காரியம் ஆகாவிட்டால் 'புச்செராசோ', அதாவது பெட்டியில் கள்ள வாக்குகளை நிரப்புவது. 1890இல் வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வந்த பிறகும் இது நின்றுவிடவில்லை. இத்தனைக்கும் ஒருவர் கொடூரராக இருக்க வேண்டியதில்லை. சிரித்துப் பேசி, தோளில் தட்டியே ஒரு மாவட்டத்தை அடக்கிவிடலாம். மகனின் வேலைக்காக அவர் வாசலில் நிற்கும் விவசாயிக்கு அவர் நல்லவரா கெட்டவரா என்பது இரண்டாம் பட்சம். வேறு வாசல் இல்லை என்பதே முதல் செய்தி.

1898இல் கியூபாவும் பிலிப்பைன்ஸும் கைவிட்டுப் போன பிறகு, ஹோவாக்கின் கோஸ்தா என்ற சிந்தனையாளர் இதை மிகத் தெளிவாகக் கண்டார். 1901இல் மத்ரித் நகரின் ஆத்தெனேயோ மன்றத்தில் அவர் முன்வைத்த அறிக்கையின் சாரம் இதுதான்: நாடாளுமன்ற ஆட்சியில் கசீக்கேக்களின் ஊழல் கலந்துவிட்டது என்று சொல்வது தலைகீழான பேச்சு, உண்மையான ஆட்சி கசீக்கேக்களுடையது, நாடாளுமன்றம் அதன் மேற்பூச்சு. நோயை இவ்வளவு துல்லியமாகச் சொன்னவர் மருந்துக்கு ஒரு தனிமனிதரையே தேடினார். நாட்டை அறுத்துச் சீராக்க ஓர் 'இரும்பு அறுவை மருத்துவர்' வேண்டும் என்றார். பள்ளிகளையும் பாசனத்தையும் உள்ளாட்சியையும் அவர் சேர்த்தே கேட்டார் என்று அவர் சார்பில் வாதிடலாம், உண்மையும் அதுதான். ஆனால் மக்கள் மனத்தில் தங்கியது அந்த மருத்துவரின் உருவம். 1923 செப்டம்பரில் ஜெனரல் ப்ரீமோ தெ ரிவேரா ஆட்சியைக் கைப்பற்றியபோது, அந்த உருவம் அவருக்குத் தயாராகக் காத்திருந்தது. கசீக்கேக்களை ஒழிக்க மாவட்டந்தோறும் ராணுவ அதிகாரிகளை அனுப்பினார். பல ஊர்களில் பழைய கசீக்கேக்களே அவருடைய யூனியோன் பாத்ரியோத்திக்கா கட்சியில் சேர்ந்து தங்கள் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். பின்னாளில் வந்த சர்வாதிகாரி ஃபிராங்கோ, தன்னைக் 'கடவுள் அருளால் ஸ்பெயினின் கௌதில்யோ' என்று நாணயத்திலேயே பொறித்துக்கொண்டார்.

எந்தப் பதவியும் இல்லாமல் வீட்டையே நடுங்கவைப்பவர்கள் உண்டே, அது குணமில்லையா என்று கேட்கலாம். குணத்துக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள்ளும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதிகாரம் செய்யும் பெண்ணுக்கு ஸ்பானியத்தில் 'மாரிமந்தோனா' என்ற கேலிப்பெயர் உண்டு. அந்தப் பெயரால் லோர்காவின் 'பெர்னார்தா ஆல்பாவின் வீடு' நாடகத்துத் தாயை விளக்க முடியாது. கணவன் இறந்ததும் மகள்களுக்கு எட்டாண்டு துக்கம் விதிக்கிறாள் பெர்னார்தா. பாதுகாக்க வேண்டிய குடும்ப மானமும் வம்புக்குக் காத்திருக்கும் ஊரும் அவள் விதியைத் தாங்கிப் பிடிக்கின்றன. கடைசி மகள் அதேலா அம்மாவின் கைத்தடியைப் பிடுங்கி இரண்டாக உடைத்தும் ஆட்சி உடையவில்லை. சற்று நேரத்தில் அதேலா தூக்கில் தொங்குகிறாள். அவள் கன்னியாகவே இறந்தாள் என்று ஊருக்குச் சொல்லும்படி பெர்னார்தா உத்தரவிடுகிறாள். அந்தப் பொய்யைக் கேட்க விரும்பும் ஊர் வெளியே இருக்கும்வரை, அந்த உத்தரவுக்குத் தடி தேவைப்படாது.