பூட்டை மாற்றினார்கள், திறப்பு யார் கையில்?

இடம்பெயர்ந்த குடும்பம் ஒவ்வொன்றிடமும் ஒரு பொலித்தீன் பை இருக்கும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் அதற்குள்தான். ஓடுகிற ஓட்டத்திலும் அந்தப் பையைக் காப்பாற்றியவர்கள் பாக்கியசாலிகள். அதைத் தவறவிட்டவர்கள், தாம் இன்னார் என்று நிரூபிப்பதற்கே எத்தனை கந்தோர்ப் படிகளை ஏறி இறங்கினார்கள் என்பதை எமது வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

இன்று அந்தப் பையோடு கைத்தொலைபேசியும் சேர்ந்துவிட்டது. பல நாடுகளில் அரசாங்க உதவிக்கு விண்ணப்பிப்பதும், பணம் வந்ததா என்று பார்ப்பதும், வராவிட்டால் முறையிடுவதும் இணையத்தின் வழியாகவே நடைபெறுகின்றன. அங்கே உள்நுழைய ஒரு பெயரும் ஒரு கடவுச்சொல்லும் வேண்டும். அவைதாம் அந்த வீட்டின் திறப்பு. ஒரு நாள் அரசாங்கம் பூட்டையே மாற்றிவிட்டால் பழைய திறப்பை வைத்திருப்பவர் என்ன செய்வார்? வசதி படைத்த நாடாகிய பிரித்தானியாவில் கமக்காரருக்கும் வறியவருக்கும் இவ்விடயத்தில் ஏற்பட்ட அனுபவம் எமக்கும் ஒரு பாடமாக அமையக்கூடியது.

வாசலில் கேட்கப்படும் மூன்று கேள்விகள்

முன்பு சங்கக் கடைக்குப் பங்கீட்டு அட்டையுடன் போனால் மனேச்சருக்கு எம்மைத் தெரியும். கிராம சேவையாளருக்கு எமது தகப்பனையும் பாட்டனையும் தெரியும். கணனிக்கு முகம் தெரியாது. ஆகவே அது மூன்று கேள்விகளைக் கேட்கிறது. இந்தப் பெயரில் உண்மையில் ஓர் ஆள் உண்டா? அந்த ஆள் நீர்தானா? நேற்று வந்தவரும் இன்று வருபவரும் ஒருவர்தானா?

இக்கேள்விகள் நியாயமானவை. ஒருவருடைய இலக்கத்தைத் திருடி, அவர் பெயரில் வேறொருவர் பணம் பெறுவது எங்கும் நடக்கிறது. பூட்டு உறுதியாக இருப்பது வறியவருக்கும் பாதுகாப்புத்தான். பதில் சொல்ல முடியாமல் வாசலில் நிற்பவர் திருடனா, அல்லது கடதாசி இல்லாத உரிமையாளனா என்பதைக் கணனி பிரித்தறியாது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

2015: இங்கிலாந்தின் கமக்காரர்

ஐரோப்பிய ஒன்றியத்தின் விவசாயக் கொள்கையின் கீழ், கமக்காரருக்கு அவர்கள் வைத்திருக்கும் நிலத்தின் அளவைப் பொறுத்து வருடந்தோறும் ஒரு கொடுப்பனவு கிடைத்துவந்தது. 2015ஆம் ஆண்டில் இக்கொடுப்பனவின் விதிகள் மாறின. அதே வேளையில், இங்கிலாந்தில் இதற்குப் பொறுப்பான கிராமியக் கொடுப்பனவு முகவரகம் விண்ணப்ப முறையையும் முற்றாக இணையத்துக்கு மாற்ற முற்பட்டது. முன்னர் பணம் பெற்றவர்களும் புதிதாகத் தம்மைப் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. அடையாளத்தை உறுதிப்படுத்துவதற்கு 'வெரிஃபை' என்னும் அரசாங்க முறை பயன்படுத்தப்பட்டது.

பதிவு என்ற முதலாம் படியிலேயே பலர் இடறினார்கள். நாட்டுப்புறங்களில் இணைய வசதி மிகவும் மெதுவானது. கமக்காரரில் பெரும்பகுதியினர் முதியவர்கள். அத்துடன் ஒரு கமத்தை ஒருவர் தனித்து நடத்துவதில்லை. தகப்பனும் மகனும் சேர்ந்து செய்வார்கள். கணக்கு வழக்கை மனைவி பார்ப்பாள். விண்ணப்பத்தை ஒரு முகவர் நிரப்புவார். இயந்திரமோ தனி ஒருவரை அடையாளம் காண்பதற்கென ஆக்கப்பட்டது. அந்தக் கமத்தின் சார்பில் கையொப்பமிடும் உரிமை யாருக்கு என்பது அடையாளத்துக்கு அப்பாற்பட்ட இன்னொரு கேள்வி. இறுதியில், இணையத்தில் தம்மை நிரூபிக்க இயலாதவர்கள் தொலைபேசியில் பேசிப் பதிவுசெய்ய இடமளிக்கப்பட்டது.

இரண்டாம் படி காணியின் எல்லைகளை வரைபடத்தில் குறிப்பது. இது இன்னும் மோசமாயிற்று. வரைபடம் திரையில் நகரவே மறுத்தது. 2015 மார்ச் மாதத்தில் அதிகாரிகள் தோல்வியை ஒப்புக்கொண்டு, கடதாசி விண்ணப்பத்துக்கே திரும்பினார்கள். மே 15 என்றிருந்த இறுதித் திகதி ஜூன் 15 வரை நீடிக்கப்பட்டது.

கடதாசியில் வந்த விபரங்களை ஊழியர்கள் மீண்டும் கணனியில் ஏற்றவேண்டியிருந்தது. அதன் விளைவு வருட முடிவில் தெரிந்தது. அதற்கு முந்திய வருடம், பணம் வழங்கத் தொடங்கிய முதல் நாளிலேயே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட கமக்காரர் தம் பணத்தைப் பெற்றிருந்தனர். 2015 டிசெம்பர் 1ஆம் திகதி பெற்றவர்களோ நூற்றுக்கு 38 பேர் மட்டுமே. மற்றவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். விதைக்கும் தீவனத்துக்கும் கடன்பட்ட கமக்காரனுக்கு அது எத்தகைய காத்திருப்பு என்பதை, போகம் பார்த்துக் கடன் வாங்கும் நாம் நன்கறிவோம்.

அந்தக் கொடுப்பனவுத் திட்டம் இங்கிலாந்தில் 2023ஆம் ஆண்டுடன் முடிவுக்கு வந்தது. அது விட்டுச் சென்ற பாடம் முடியவில்லை.

வறியவரின் வாசல்

இதே 'வெரிஃபை' முறை வேலையற்றோருக்கும் குறைந்த வருமானத்தோருக்கும் உரிய உதவிப் பணத்துக்கும் வாசலாயிற்று. பிரித்தானிய தேசிய கணக்காய்வு அலுவலகம் 2019 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் இதன் நிலைமை காணப்படுகிறது. 2020ஆம் ஆண்டளவில் 2 கோடி 50 இலட்சம் பேர் இதனைப் பயன்படுத்துவர் என்று எதிர்பார்க்கப்பட்டது. 2019 பெப்ரவரி வரை சேர்ந்தவர்கள் 36 இலட்சம் பேர் மட்டுமே. முயன்றவர்களில் நூற்றுக்கு 48 பேரே தம் அடையாளத்தை நிரூபிக்க முடிந்தது. உதவிப் பணம் கோரிய வறியவர் மத்தியில் இத்தொகை இன்னும் குறைந்து, நூற்றுக்கு 38 ஆக இருந்தது.

வறியவர் ஏன் அதிகமாகத் தடுக்கப்பட்டனர்? கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், வங்கிக் கடன் வரலாறு என்பவற்றைக் கொண்டே தனியார் கம்பனிகள் ஆளைச் சரிபார்த்தன. வெளிநாடு போகாதவரிடம் கடவுச்சீட்டு இல்லை. வாகனம் இல்லாதவரிடம் அனுமதிப்பத்திரம் இல்லை. வங்கி கடன் கொடுக்காதவருக்குக் கடன் வரலாறும் இல்லை. யாருக்கு உதவி மிகுதியாகத் தேவைப்பட்டதோ அவரையே அந்தப் பூட்டு அடையாளம் காணவில்லை. அவர்கள் அலுவலகத்துக்கு நேரில் சென்று ஓர் ஊழியருக்கு முன் அமர்ந்துதான் தம்மை நிரூபித்தார்கள்.

'வெரிஃபை' 2023இல் மூடப்பட்டது. அதன் இடத்துக்கு 'வண் லொகின்' எனும் புதிய நுழைவு முறை வந்தது. இம்முறை சேவைகளை ஒரே நாளில் மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றி வருகிறார்கள். தொலைபேசிச் செயலியால் அடையாளத்தைக் காட்ட முடியாதவர், தபாலகத்துக்கு நேரில் சென்று தமது பத்திரத்தைக் காட்டவும் வழி வைத்திருக்கிறார்கள். பெருந்தொகைப் பணத்தைச் செலவழித்த பின்னர், ஒரு தபாலகக் கருமபீடத்தின் அருமையை அந்த நாடு கண்டுகொண்டது எனலாம்.

எமது பக்கம்

இலங்கையிலும் இந்தத் திசையிலேயே பயணம் தொடங்கிவிட்டது. 2023 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பயனாளியின் வங்கிக் கணக்குக்கே செல்கிறது. டிஜிட்டல் அடையாள முறை ஒன்றை இந்தியாவின் உதவியுடன் அமைப்பதற்கு 2022 மார்ச்சில் இரு நாடுகளும் உடன்பட்டன. இவற்றால் நன்மையும் உண்டு. இடைத்தரகர் கை நீட்ட இடம் குறையும். ஒரு கடதாசிக்காகப் பல தடவை பஸ் ஏறும் அலைச்சலும் குறையலாம்.

ஆனால் இடம்பெயர்ந்தவர் நிலை வேறு. அவரை அறிந்த கிராம சேவையாளர் ஓர் ஊரில். அவர் வாழ்வது இன்னோர் ஊரில். காணி உறுதி தொலைந்திருக்கும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஆங்கில எழுத்து மாறி இன்னொரு பெயர். மனிதர் இதைப் பார்த்துப் புரிந்துகொள்வார். இயந்திரம் 'பொருந்தவில்லை' என்று சொல்லி நிறுத்திவிடும். ஆகவே இங்கிலாந்தின் அனுபவத்திலிருந்து நாம் கேட்கவேண்டியது இதுதான்: புதிய வாசலைத் திறவுங்கள், எல்லோரும் அதனூடாக வந்து சேரும்வரை பழைய வாசலை மூடாதீர்கள். கடதாசி விண்ணப்பமும், முகம் பார்த்துப் பேசும் ஓர் உத்தியோகத்தரும் எப்போதும் இருக்கவேண்டும். இது சலுகை அன்று, உரிமை.

இன்றே செய்யக்கூடியவை

1. அடையாள அட்டை தொலைந்திருந்தால் காத்திருக்க வேண்டாம். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியுடன் கிராம சேவையாளர் ஊடாகப் புதிய அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

2. குடும்பத்தில் ஒவ்வொருவரின் பெயரும் பிறந்த திகதியும் எல்லாப் பத்திரங்களிலும் ஒரே மாதிரி உள்ளனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருப்பின் பிரதேச செயலகத்தில் இப்போதே விசாரியுங்கள். உதவி கேட்கும் நாளில் திருத்த நேரம் இராது.

3. பத்திரங்களின் போட்டோப் பிரதி ஒன்றை வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.

4. வங்கிக்கும் அலுவலகத்துக்கும் கொடுத்த தொலைபேசி இலக்கத்தை மாற்றினால் உடனே அறிவியுங்கள். இரகசிய இலக்கம் பழைய இலக்கத்துக்கே போய்ச் சேரும்.

5. கடையில் ஒருவர் விண்ணப்பத்தை நிரப்பித் தந்தால், விண்ணப்ப இலக்கத்தையும் திகதியையும் கொப்பியில் எழுதுங்கள். கடவுச்சொல்லையும், தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தையும் எவரிடமும் கொடுக்காதீர்கள்.

6. மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேன்முறையீட்டுக்கு இறுதித் திகதி எது என்றும் கேளுங்கள்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட

எமது கிராமத்தில் அல்லது குடியிருப்பில் அடையாளப் பத்திரம் முழுமையாக இல்லாதவர்கள் எத்தனை பேர்? எழுத வாசிக்கத் தெரியாத முதியவருக்கு உதவ, நம்பிக்கையான இளைஞர் இருவரை நாம் தெரிவுசெய்ய முடியுமா? புதிய முறை வரும்போது பழைய வழியும் திறந்திருக்கவேண்டும் என்று பிரதேச செயலாளருக்கு நாம் கூட்டாக ஒரு கடிதம் எழுதினால் என்ன?

தனியே வாசலில் நிற்பவரின் தட்டல் உள்ளே கேட்காமல் போகலாம். ஊர் சேர்ந்து தட்டினால் கேட்கும்.