அஞ்சல் பெட்டியில் ஒரு பெயர்

ஜெர்மனிக்கு மேற்படிப்புக்காகப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் நம்மிடம் முதலில் விசாரிப்பது ‘பிளாக்டு அக்கவுண்ட்’ பற்றித்தான். விசாவுக்காக ஓராண்டு வாழ்க்கைச் செலவை அக்கணக்கில் முன்னதாகவே செலுத்திக் காட்டுவது வழக்கம். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. மாணவர் அங்குச் சென்றபின் மாதம் 992 யூரோ வீதம் விடுவிக்கப்படும். தொகை அவ்வப்போது மாறக்கூடியது. விண்ணப்பிக்குமுன் தூதரகத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

விடுவிக்கப்படும் பணத்தைப் பெற உள்ளூரில் நடப்புக் கணக்கு தேவை. அதைத் தொடங்கப் பல வங்கிகள் முகவரிப் பதிவுச் சான்று கேட்கின்றன. குடியேறிய இரு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வீட்டு உரிமையாளரின் உறுதிக்கடிதம் வேண்டும். பெருநகரங்களில் அலுவலகச் சந்திப்பு நாள் கிடைப்பதே அரிது. ஆதலின் முதல் சில வாரங்களுக்கான பணத்தைத் தனியே கொடுத்தனுப்புவது நல்லது. ஆயிரக்கணக்கான யூரோ கணக்கில் இருக்க, கையில் காசின்றி நிற்கும் நிலை அப்போதுதான் நேர்கிறது.

இன்னொரு சிறு செய்தி, பலர் அறியாதது. அங்குள்ள அடுக்ககங்களில் பெரும்பாலும் கதவு எண் இராது. அஞ்சல்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்தே கடிதம் இடுவார். பெயர்ச்சீட்டு ஒட்டாத மாணவரின் ஏடிஎம் அட்டை அனுப்பிய வங்கிக்கே திரும்பிவிடும். வாடகைக்கு அறையைப் பகிர்ந்துகொள்பவரும் தம் பெயரை அதில் சேர்த்துவிட வேண்டும்.

பணச் சிக்கல் தீர்ந்தபின் வருவது ஞாயிற்றுக்கிழமை. கடைகள் அநேகமாக அடைத்திருக்கும். அன்று நாள் முழுவதும் அமைதி காக்கப்படும். வார நாள்களிலும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஓசை கூடாது. இட்லி மாவுக்காக இரவில் மிக்ஸியை ஓடவிட்டால் அண்டை வீட்டார் கதவைத் தட்டுவர். அவர் பகைவர் அல்லர். எல்லோருக்கும் பொதுவான ஒழுங்கைத்தான் நினைவூட்டுகிறார்.

அறைக்குள் நம்மூர் நண்பர்களோடு மட்டும் இருந்துவிட்டால் அந்த அமைதி தனிமையாகிவிடும். பாடம் ஆங்கிலத்தில்தானே என்று ஜெர்மன் மொழியை ஒதுக்குவது, நம் கருத்தில், பெரும் பிழை. பகுதிநேர வேலை தேடும்போது அது தெரியவரும். பல்கலைக்கழகங்களின் குறைந்த கட்டண விளையாட்டு வகுப்புகளும், பாட்டு முதல் தோட்டக்கலை வரை ஊர்தோறும் உள்ள சங்கங்களும் உள்ளூர் மக்களோடு பழக ஏற்ற இடங்கள். ‘டாண்டெம்’ முறையில் இரு மாணவர்கள் தத்தம் மொழியை ஒருவருக்கொருவர் கற்பிக்கலாம்; அதற்குச் செலவே இல்லை.

இதில் தமிழருக்கு ஓர் அனுகூலமும் உண்டு. நாம் நீங்கள், நீ என்று பிரிப்பதுபோல ஜெர்மானியரும் ‘ஸீ’, ‘டூ’ என்று பிரிக்கின்றனர். புதியவரிடம் ‘ஸீ’ என்றே தொடங்க வேண்டும். ‘டூ’ சொல்லலாம் என்று முதலில் கூறும் உரிமை வயதில் மூத்தவருக்கு உரியது.